யூதாசுக்கு விழுந்த கைதட்டல்

மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருந்தபோது எனக்குக் கைதட்டல் கேட்டது.

என் நாடக வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கைதட்டலை அதற்கு முன்பு கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை சனமும் எழுந்து நின்று தட்டியது. யாரோ சீட்டி அடித்தார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த எங்கள் கொட்டகை ரசிகர் ஒருவர், பழக்க தோஷத்தில், “ஒன்ஸ் மோர்!” என்றுகூடக் கத்தினார்.

குனிந்து கும்பிட்டிருப்பேன். ஆனால் இரண்டு கையும் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நான் நடிக்கவில்லை. நிஜமாகவே செத்துக்கொண்டிருந்தேன்.

அது ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் நான்தான். அதற்கு முந்திய எத்தனையோ வருடங்களாக நான் செய்துவந்த தொழில் அப்படிப்பட்டது.

சாவதற்கென்று ஓர் ஆள்

இந்தத் தொடரை இப்போதுதான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் விளாத்திகுளத்துப் பக்கத்துக்காரன். மீசை அரும்பும் வயதில் ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்தேன். மீசை நரைத்த பிறகு அதே கம்பெனியிலிருந்து வெளியே வந்தேன். ராஜபார்ட் ஆக வேண்டும் என்றுதான் போனேன். கம்பெனி முதலாளியை எல்லோரும் வாத்தியார் என்போம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சுப்பையா, ஒன் மூஞ்சி நல்ல மூஞ்சிலே. நீ செத்தா ஒருத்தனும் வருத்தப்பட மாட்டான்,” என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. வாள் குத்திச் செத்தேன். விஷம் குடித்துச் செத்தேன். யானை மிதித்து, முனிவர் சபித்து, கோட்டைச் சுவர் இடிந்து விழுந்து செத்தேன். எந்த நாடகமானாலும் கடைசிக் காட்சிக்கு முந்திய காட்சியோடு எனக்கு ஆயுள் முடிந்துவிடும். கதாநாயகனின் கல்யாணத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் திரைக்குப் பின்னால் தேங்காய் எண்ணெய் போட்டு ஒட்டு மீசையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன்.

சாவதற்கு முன்னால் ஒரு பாட்டு உண்டு. பாட்டு பிடித்துவிட்டால் சனம் விடாது. ஒன்ஸ் மோர் கேட்கும். செத்துக் கிடக்கிறவன் எழுந்து, தூசியைத் தட்டி, ஆர்மோனியக்காரரைப் பார்த்துத் தலையசைத்து, மறுபடி பாடி, மறுபடி சாக வேண்டும். கோவில்பட்டியில் ஒரு தடவை கதாநாயகன் பொறுமையிழந்து, “போதும்யா, இவன் செத்துட்டான்!” என்று சபையைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

என் அம்மா என் நாடகத்தைப் பார்க்க ஒரே ஒருமுறைதான் வந்தாள். நடுவிலேயே எழுந்து போய்விட்டாள். வெளியே போய்ப் பார்த்தால் மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். “நல்லாச் சோறு போடுதாவளாலே?” என்று மட்டும் கேட்டாள். போடுகிறார்கள் என்றேன். “பொறவு என்னத்துக்குச் சாவுத?” என்றாள்.

அம்மாவுக்கு நான் சாவது நிஜம் போல இருந்தது. வாத்தியாருக்கு இல்லை. ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் அதே புகார்.

“கால உதறுத, கண்ண மேல சொருவுத, எல்லாஞ் சரி. ஆனா கண்ணுல பயம் இல்லலே. செத்து முடிச்சதும் டீ குடிக்கப் போறவன் மாரியே சாவுத.”

அவர் சொன்னதில் தப்பில்லை. செத்து முடித்ததும் டீ குடிக்கத்தான் போவேன்.

பிலாத்துக்கு மூன்று பேர் போட்டி

எழுபதுகளின் நடுவில் கம்பெனி தூத்துக்குடியில் கொட்டகை போட்டிருந்தது. புதுத் துறைமுகம் வந்த நேரம். ஊரில் லாரிச் சத்தம் ஓயாது. கடற்காற்றில் உப்பும் நிலக்கரித் தூளும் சேர்ந்து வரும். எங்கள் கிரீடத்து ஜிகினா வாரத்துக்குள் கறுத்துவிடும். இரும்பு என்று பெயர் உள்ள எதுவும் துருப்பிடிக்காமல் தப்பாது.

பங்குனியில் ஒரு மத்தியானம் இரண்டு பேர் கொட்டகைக்கு வந்தார்கள். ஒருவர் வெள்ளை அங்கி போட்ட பாதிரியார். தெற்கே ஒரு கடற்கரை ஊரின் பங்குச்சாமி. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அங்கே எனக்குப் போக்குவரத்து இருக்கிறது. மற்றவர் அந்த ஊர்த் தோணித் தண்டல் சந்தியாகு. சரக்குத் தோணியைச் செலுத்துகிற தலைவனைத் தண்டல் என்பார்கள். என் வயதுதான் இருக்கும். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு.

“எங்க ஊருல பாஸ்கு போடுதோம்,” என்றார் சாமி. ஏசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகத்துக்கு அந்தப் பக்கத்தில் பாஸ்கு என்று பெயர். “எல்லா வேசத்துக்கும் ஆளு இருக்கு. ஆண்டவருக்குத் தீர்ப்பு சொல்லுத பிலாத்துக்கு மூணு பேரு சண்ட போடுதாவ. காட்டிக்குடுத்த யூதாசுக்குத்தான் ஒருத்தனும் வர மாட்டேங்கான்.”

“ஏன் சாமி?” என்றார் வாத்தியார்.

சந்தியாகு பதில் சொன்னான். “போன மட்டம் யூதாசு வேசங் கட்டுனவன் வலையில வருசம் பூரா ஒரு சாளமீன் விழல, அண்ணாச்சி. அவன் மவளுக்குப் பேசி வச்ச மாப்பிளயும் பின்வாங்கிட்டான்.”

வாத்தியாரின் முகம் மலர்ந்தது. அந்த மாதம் பக்கத்துத் தியேட்டரில் புதுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கொட்டகைக்குக் காற்று வாங்க வருகிறவர்கள் மட்டும் வந்தார்கள். “நீங்க சரியான கடைக்குத்தான் வந்திருக்கிய. சாவுததுக்குன்னே ஒரு ஆளு வச்சிருக்கேன்,” என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் தயங்கினேன். “சாமி, நான் இந்து. உங்க நாடகத்துல வேஷம் போடலாமா?”

“யூதாசு மட்டும் கத்தோலிக்கனா?” என்றார் சாமி.

வெறுப்போடு வைத்த குழம்பு

ஒத்திகைக்காக அந்த ஊரில் போய்த் தங்கினேன். கோயிலுக்குப் பின்னால் வலை போட்டு வைக்கும் அறையில் ஒரு கட்டில். சாப்பாட்டுக்கு எதிர்வீட்டு ரெஜினாவிடம் சாமி ஏற்பாடு செய்திருந்தார். ரெஜினா மீன்கூடை தூக்கி ஊர் ஊராக விற்கிறவள். குரல் எடுத்தால் கடலில் போகும் தோணிக்குக் கேட்கும்.

சாமி சொன்னதைத் தட்ட முடியாமல் சோறு போட்டாள். ஆனால் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். படியில் தட்டை வைத்துவிட்டு, “ஏ யூதாசு, சோறு!” என்று கத்திவிட்டு உள்ளே போய்விடுவாள். புளியும் மாங்காயும் போட்ட அந்தப் பாறை மீன் குழம்பு போல நான் இன்றுவரை சாப்பிட்டதில்லை. கம்பெனியில் அன்போடு போட்ட சாம்பாரை நினைத்துக்கொள்வேன். அன்புக்கும் ருசிக்கும் சம்பந்தமில்லை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

டீக்கடையிலும் அதே கதை. நான் போய் பெஞ்சில் உட்கார்ந்தால் மற்றவர்கள் தம்ளரோடு எழுந்துகொள்வார்கள். கோபமெல்லாம் இல்லை, மரியாதையாகத்தான் எழுந்துகொள்வார்கள். “ஒண்ணுமில்ல யூதாசண்ணாச்சி. நாளைக்குக் கடலுக்குப் போணும், அதான்.”

என்னோடு ஒட்டி உட்கார்ந்தவன் சந்தியாகு ஒருவன்தான். அவனுக்குத்தான் ஏசுநாதர் வேஷம்.

வருடத்தில் மற்ற நாளெல்லாம் சந்தியாகு வேறு ஆள். அவன் குடித்துவிட்டு வருகிற நாளில் துறைமுகத் தெருக் கடைக்காரர்கள் பலகையை இழுத்துச் சாத்துவார்களாம். ஆனால் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் பிறந்தால், ஆண்டவர் வேஷம் போடுகிறவன் என்பதால், குடி கிடையாது, அடிதடி கிடையாது, வாயில் கெட்ட வார்த்தை கிடையாது. தாடி வளர்ப்பான். சின்னப் பிள்ளைகள் வந்து அவன் கையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போகும். அவன் கூச்சத்தில் நெளிவான்.

“கஷ்டமா இருக்கு அண்ணாச்சி,” என்பான். “ஒருத்தன் வெங்காய மூட்டையத் தண்ணிக்குள்ள போட்டுட்டான். அவனைப் பாத்து, ‘பரவாயில்ல மகனே’ங்கேன். அவன் பயந்து அழுதுட்டான்.”

அவன் வசனத்தில் ஒரே ஒரு குறை. எதைச் சொன்னாலும் தோணியில் உத்தரவு போடுவது போலவே வரும். இவர்களை மன்னியும் என்று பிதாவிடம் கேட்கிற இடத்தில்கூட, உடனே மன்னிக்காவிட்டால் நடப்பது வேறு என்ற தொனி.

ஒருநாள் கேட்டான். “தூக்குல தொங்கும்போது ஒங்களுக்குப் பயமா இருக்காதா?”

நான் சிரித்தேன். கம்பெனி ஏற்பாட்டை விளக்கினேன். வேஷத்துக்குள்ளே இடுப்பில் தோல் வார். அதன் முதுகுப்பக்கம் ஒரு இரும்பு வளையம். கிளையிலிருந்து வருகிற கயிற்றுக் கொக்கியை அந்த வளையத்தில் மாட்டினால் முழு எடையும் இடுப்பில் தொங்கும். கழுத்தில் கிடக்கிற கயிறு பார்வைக்கு மட்டும்.

“கழுத்துக் கயிறு சும்மா அலங்காரம்தான் தண்டல்,” என்றேன்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்தக் கழுத்துக் கயிறு கிளையில் நூலால்தான் கட்டியிருக்கும், எப்போதாவது கொக்கி கழன்றால் நூல் அறுந்து ஆள் கீழே விழுந்து பிழைத்துக்கொள்வான் என்பதை அவன் கேட்கவில்லை; எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. என் தொழிலில் அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

பிலாத்து கேள்வி கேட்கும் நேரம்

குருத்தோலை ஞாயிற்றுக்கிழமை நாடகம். அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. மறுநாள் விடியுமுன் போக வேண்டும் என்பதால் வெயில் சாய்ந்ததுமே தொடங்கிவிட்டார்கள். சுற்றுவட்டாரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு சனம். எங்கள் வாத்தியாரும் வந்து முன்வரிசையில், சாமிக்குப் பக்கத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கோயில் முற்றத்து ஓரத்தில் ஒரு பெரிய பூவரச மரம். அதை ஒட்டித்தான் மேடை. இடது கோடியில் நான் தூக்கில் தொங்க அந்த மரம். வலது கோடியில் பிலாத்துவின் அரண்மனை. இரண்டு காட்சியும் ஒரே சமயத்தில் நடக்கும். அங்கே ஆண்டவர் விசாரிக்கப்படுவார். இங்கே காட்டிக்கொடுத்தவன் நாண்டுகொண்டு சாவான்.

என் பையில், காட்டிக்கொடுத்ததற்கு வாங்கிய வெள்ளிக்காசுக்குப் பதிலாகச் சிப்பி ஓடு போட்டிருந்தார்கள். அதை மேடையில் வீசி எறிந்தேன். கதறினேன். ரெஜினா மூன்றாவது வரிசையிலிருந்து மண்ணை வாரி என் பக்கம் தூற்றினாள். நல்ல சகுனம், நடிப்பு எடுபடுகிறது என்று நினைத்தேன். முக்காலியில் ஏறி, கொக்கியை மாட்டி, கயிற்றைப் பாராமலே கழுத்தில் போட்டுக்கொண்டு, முக்காலியை உதைத்தேன்.

இடுப்பில் விழ வேண்டிய எடை கழுத்தில் விழுந்தது.

கொக்கி துருவில் தேய்ந்து வாயைப் பிளந்துவிட்டது. சரி, நூல் அறும், மணலில் விழுவோம் என்று அந்தக் கணத்திலும் நினைத்தேன். நூல் அறவில்லை. கயிறு கல் போல நின்றது.

முதலில் கேட்டதைச் சொல்லிவிட்டேன்: கைதட்டல். கண்ட காட்சியைச் சொல்கிறேன். கடல் செம்மண் நிறத்தில் இருந்தது. ரெஜினா வாயெல்லாம் சிரிப்பாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள். வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்து, கண் கலங்க, பக்கத்தில் இருந்த சாமியின் தோளைத் தட்டி என்னைக் காட்டிப் பெருமையாக ஏதோ சொன்னார்.

அப்புறம் மேடையின் மறுகோடியிலிருந்து ஒரு சத்தம். பிலாத்துவாக நடித்த பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் கத்துகிறார். “ஏய் சந்தியாகு! எங்கன போற? எனக்கு இன்னும் வசனம் இருக்கு!”

ஆண்டவர் ஓடி வந்துகொண்டிருந்தார்.

சிவப்பு அங்கி காலில் தட்ட, உடைமுள்ளில் பின்னிய கிரீடம் ஒரு பக்கமாகச் சரிய, முன்னால் கட்டியிருந்த இரண்டு கையோடு மேடையின் குறுக்கே ஓடி வந்தான் சந்தியாகு. கட்டிய கையாலேயே என் முழங்காலுக்குக் கீழே வளைத்துப் பிடித்து, தோளில் ஏற்றி, அப்படியே மேலே தூக்கினான். கயிறு தளர்ந்தது. ஒரு வாய்க் காற்று உள்ளே போனது. அது கத்தியால் அறுப்பது போல இருந்தது.

“கத்தி கொண்டாங்கலே!” என்று கத்தினான். அதோடு விட்டிருக்கலாம். அந்தத் தவக்காலம் முழுவதும் அடக்கி வைத்திருந்த அத்தனை கெட்ட வார்த்தையும் அதன் பின்னாலேயே வந்தது.

கைதட்டல் நின்றது. ரோமாபுரிச் சேவகன் ஒருவன் வாளை உருவிக்கொண்டு ஓடி வந்தான். அட்டை வாள். அதை வைத்துக் கயிற்றைத் தேய்த்துப் பார்த்தான், பாவம். கடைசியில் ஏசுவின் சீடர் இராயப்பராக நடித்தவர்தான் வந்தார். சேவகனின் காதை வெட்டுகிற காட்சிக்கு நிஜக் கத்திதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கி வைத்திருந்தவர் அவர். மரத்தில் ஏறி அறுத்தார்.

நான் சந்தியாகுவின் மேல் விழுந்தேன். அவன் என்னை மணலில் கிடத்தி, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே காதை வைத்துப் பார்த்தான். பிறகு எழுந்தான். அங்கியைச் சரிசெய்தான். நேரே பிலாத்துவின் முன்னால் போய் நின்று, தூக்கிப் பிடித்ததில் அவிழ்ந்துபோயிருந்த கையை, திரும்பக் கட்டுங்கள் என்று சேவகர்களிடம் நீட்டினான்.

நாடகம் தொடர்ந்து நடந்தது. அவனைச் சிலுவையில் அறைந்தார்கள்.

மேடைக்குப் பின்னால்

என்னைத் தூக்கிப் போய் வலைக் குவியலில் படுக்க வைத்தார்கள். ஊர் வைத்தியர் தொண்டையைத் தடவிப் பார்த்து, எலும்பு முறியவில்லை, பேசவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வாத்தியார் வந்தார். முட்டிபோட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு, தாங்க முடியாமல் சொல்லிவிட்டார். “சுப்பையா, இதத்தானலே இத்தன வருசமா ஒங்கிட்டக் கேட்டேன்!”

எல்லாம் முடிந்து சனம் கலையும்போது சந்தியாகு வந்தான். சிலுவையிலிருந்து இறங்கி அப்படியே வந்திருந்தான். முகமெல்லாம் சாந்துச் சிவப்பு. என் காலடியில் உட்கார்ந்தான்.

“அண்ணாச்சி, அந்தக் கயித்த மாத்தினது நாந்தான்.”

கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன்.

“காலையில மரத்துல ஏறி எல்லாம் சரியா இருக்கான்னு பாத்தேன். கழுத்துக் கயிறு இத்துப்போயிருக்கு, வெறும் நூலுல தொங்குது. அத்து விழுந்து அண்ணாச்சி இடுப்ப ஒடிச்சிக்கிடப்போறாவளேன்னு, தோணியிலருந்து பாய்க்கயிறு வெட்டியாந்து நானே கட்டுனேன்.” மூச்சு வாங்கினான். “பிலாத்து என்னமோ கேட்டுக்கிட்டிருக்காரு. நான் ஒங்க காலப் பாத்தேன். ஒத்திகையில அந்த மாரி ஆடாதே. கொக்கி போயிட்டுன்னு தெரிஞ்சிட்டு. நான் போட்ட முடிச்சு அவுறாது அண்ணாச்சி. புயல்லயே அவுந்ததில்ல.”

கோபப்படுவதற்குத் தொண்டை வேண்டும். எனக்கு இல்லை. அம்மாவுக்குப் பிறகு என் சாவைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் மனிதன் அவன்தான். அந்தக் கவலைதான் என்னைத் தூக்கில் போட்டது. அவன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். தலையில் கை வைத்தேன். உடைமுள் குத்தியது.

கோயில் முற்றத்துக் கூட்டம்

அந்த வாரமே கோயில் முற்றத்தில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். குற்றம் சாட்டப்பட்டவன் சந்தியாகு. குற்றம் சாட்டியவர் பிலாத்து.

“விசாரணை நடக்கும்போது ஆண்டவரு என்னைய விட்டுட்டு ஓடுதாரு. வேதத்துல எங்கயாவது அப்படி இருக்கா?” என்றார் தலைமையாசிரியர். “அந்த அங்கியைப் போட்டுக்கிட்டு என்னென்ன வார்த்த சொன்னான்! பொம்பளய காதப் பொத்துனாவ.”

“ஒரு மனுசன் உசுரு போயிருக்கும், சார்வாள்,” என்றார் சாமி.

“நான் இல்லங்கலியே. சேவகன் போலாம். இராயப்பர் போலாம். நானே போயிருப்பேன். ஆண்டவரு போலாமா? அதுவும் யூதாசைத் தூக்கிப் பிடிக்க?”

“நீங்க எங்கன போனிய? ஒருத்தனும் வரலியே,” என்றான் சந்தியாகு.

பாதி ஊர் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். சத்தம் ஏறியது. அப்போது பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து ரெஜினா எழுந்தாள். என்னைப் பிடிக்காத ஊரில் என்னை அதிகமாகப் பிடிக்காதவள். சந்தியாகுவுக்கு எதிராக ஒரு வார்த்தை கூடுதலாக விழப்போகிறது என்று நினைத்தேன்.

“சாமி, ஒண்ணு கேக்கேன். நெசமா அன்னைக்கு யூதாசு தொங்கையில ஆண்டவரு பாத்திருந்தா ஓடிப்போய்த் தூக்கியிருப்பாரா, மாட்டாரா?”

சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தூக்கியிருப்பாரும்மா. ஆனா அப்ப அவரு கையக் கட்டியிருந்தாவளே.”

“இவன் கையவுந்தான கட்டியிருந்தாவ?” என்றாள் ரெஜினா.

சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கடலைப் பார்த்தார். பிறகு, செபத்துக்கு நேரமாகிவிட்டது, மணி அடிக்கச் சொல்லுங்கள் என்றார். கூட்டம் அதோடு முடிந்தது.

அன்று மத்தியானம் ரெஜினா தட்டைப் படியில் வைக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றினாள். “குடி யூதாசு,” என்றாள். பெயரை மட்டும் மாற்றவில்லை.

கரகரத்த குரல்

என் தொண்டை தேற வெகுகாலம் ஆனது. பேச்சு வந்தபோது அது என் குரலாக இல்லை. உப்பு மூட்டையைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது போல ஒரு கரகரப்பு. பாட்டு போயே போய்விட்டது. கம்பெனியில் பாடாத நடிகனுக்கு என்ன வேலை? ஊருக்கே திரும்பி மிளகாய் வத்தல் யாவாரம் பார்க்கலாமா என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். ஒருநாள் வாத்தியார் என்னைப் பேசச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அய்யோ, வயித்தக் கலக்குதேலே,” என்றார் மகிழ்ச்சியாக.

அதற்குப் பிறகுதான் என் பெயர் சுவரொட்டியில் வர ஆரம்பித்தது. அந்தக் குரலுக்காகவே ஆட்கள் வந்தார்கள். எங்கே கற்றீர்கள் என்று ஆதிச்சநல்லூர்ப் பக்கம் ஒரு ரசிகர் கேட்டார். கடற்கரையில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் என்றேன். பயபக்தியோடு தலையாட்டினார்.

மறு வருடம்

மறு வருடம் பாஸ்குவுக்கு என்னை நடிக்கக் கூப்பிடவில்லை, பார்க்கக் கூப்பிட்டார்கள். போனேன். சந்தியாகு பஸ் நிறுத்தத்திலேயே நின்றான். வாயில் சாராய வாசனை. தவக்காலத்தில் எப்படி என்று திகைத்தேன்.

“எனக்கு இந்த மட்டம் யூதாசு வேசம்,” என்றான். “தண்டனையாம். ஆண்டவரா இருக்க லாயக்கில்லன்னுட்டாவ. நல்லதாப் போச்சு அண்ணாச்சி. குடிக்கலாம், வையலாம், ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

“வலையில் மீன் விழாதே?”

“நான் என்ன வலைகாரனா? தோணிக்காரன்தான?”

ஆண்டவர் வேஷத்துக்குத் தலைமையாசிரியர் தன் மருமகனைக் கொண்டுவந்திருந்தார். ஓட்டப்பிடாரத்தில் ஆபீஸ் உத்தியோகம். சிவந்த நிறம், சாந்தமான முகம், வீணை போலக் குரல். ஒரு எழுத்து பிசகாத மனப்பாடம். பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

நான் மணலில் பெண்கள் பக்கம், ரெஜினாவுக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். சந்தியாகு சிப்பி ஓட்டை வீசினான், கதறினான், முக்காலியை உதைத்தான். புதுக் கொக்கி, புது வார். பத்திரமாகத் தொங்கினான். என்னைவிட நன்றாகவே காலை உதறினான்.

கைதட்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஒருவர்கூட மரத்தைப் பார்க்கவில்லை. அத்தனை பேர் கண்ணும் மேடையின் வலது கோடியில், கை கட்டப்பட்டு நின்ற ஆண்டவர் மேல் இருந்தது. முன்வரிசைக் குழந்தைகள் முட்டிபோட்டு எழுந்து பார்த்தன. சாமியும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டவர் பிலாத்துவின் கேள்விக்கு ஒரு சொல் தப்பாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொங்குகிறவன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ரெஜினா உச்சுக்கொட்டினாள். பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

“ஏளா, இவன் வர மாட்டான்,” என்றாள்.